கணுக்கால் முறிவு: கேஸ் ஷீட்டில் இல்லாத சிகிச்சை

"வலது கணுக்கால் முறிவு. என்.வி.ஐ. ஸ்லாப் போடப்பட்டது. காலையில் எலும்புப் பிரிவுக்கு."

இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் கேஸ் ஷீட் பெரும்பாலும் இதற்கு மேல் போகாது. ஸ்லாப் என்பது காலை அசையாமல் தாங்கும் பாதி மாவுக்கட்டு. நடுவில் இருக்கும் அந்த மூன்றெழுத்துக்கு, காலில் நரம்பும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். எழுதிய டாக்டர் பாதத்தின் மேல் நாடியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் விரலை வைத்து "தெரியுதா?" என்று கேட்டிருக்கலாம். அல்லது, விரல்களின் நிறம் சரியாக இருப்பதைக் கட்டிலின் கால்மாட்டிலிருந்தே பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைக் கையில் எடுத்து ஆடிட் செய்பவருக்கு, அதாவது சிகிச்சை விதிப்படி நடந்ததா என்று சரிபார்ப்பவருக்கு, இந்த இரண்டும் ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு வரும் கணுக்கால் முறிவுக்கு மருத்துவமனைகள் வழிகாட்டுதல்படி சிகிச்சை தருகின்றனவா என்று கேட்கும் எவரும் கடைசியில் இப்படி ஒரு தாளின் முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அதிலிருந்து 60 சதவீதம், 85 சதவீதம் என்று ஓர் எண் வரும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் இங்கே விஷயம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டருக்குத் தெரியாததால் வழிகாட்டுதல் தவறுவது குறைவு. ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று செய்து முடிக்கக்கூடியது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. நாலு பிரிவுகள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டியதுதான் நழுவிப்போகிறது.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

பெரியவர்களின் எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கணுக்காலில்தான். இளவயது ஆண்களுக்கு விளையாட்டிலும் விபத்திலும், வயதான பெண்களுக்குச் சாதாரணமாகத் தடுக்கி விழுந்தும் இது வருகிறது. இவ்வளவு பரவலான முறிவுக்குப் பலகாலம் எழுத்தில் ஒரு பொது அளவுகோலே இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு வழக்கம், ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒரு பழக்கம்.

இந்த முறிவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயர் லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட்டுடையது. 1756இல் குதிரையிலிருந்து விழுந்து அவருக்குக் கால் உடைந்தது. தன்னைத் தூக்கி வண்டியில் போட விடாமல் தெருவிலேயே படுத்திருந்து, ஒரு கதவை விலைக்கு வாங்கிவரச் செய்து, அதன் மேல் படுத்த நிலையில் வீட்டுக்கு வந்தார் என்பார்கள். அவருக்கு உடைந்தது கணுக்காலே இல்லை என்பது பின்னால் வந்த பலரின் கருத்து. ஆனாலும் 'பாட் முறிவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உடைந்த காலை முதலில் அசையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற அந்தக் கதவுப் பாடம் இன்றைய வழிகாட்டுதல்களிலும் இருக்கிறது.

எழுத்தில் அளவுகோல் வந்தது 2016இல். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் சிக்கலில்லாத எலும்பு முறிவுகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆகஸ்டில் பிரிட்டிஷ் எலும்பியல் சங்கம் கணுக்கால் முறிவுக்கென்றே தனியாகத் 'போஸ்ட்' என்ற தன் சிகிச்சைத் தர வரிசையில் 12ஆவது ஆவணத்தைக் கொண்டுவந்தது. ஓரிரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் ஆவணம்தான். அடிபட்டது எப்படி, தோல் எப்படி இருக்கிறது, ரத்த ஓட்டமும் உணர்வும் எப்படி, சர்க்கரை நோய் உண்டா, புகை பிடிப்பவரா என்று குறித்துவைக்கச் சொல்கிறது. கோணிப்போன காலை உடனே நேராக்கி ஸ்லாப் போடவேண்டும், போட்ட பிறகு நாடியையும் உணர்வையும் இன்னொரு முறை பார்த்து எழுதி, மறுபடி எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்கிறது. முறிவு உறுதியானதா, ஆட்டம் காண்பதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆபரேஷன் வேண்டும் என்றால் முடிந்தவரை அன்றோ மறுநாளோ செய்யச் சொல்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷனுக்கு வேறு வழி உண்டா என்று யோசிக்கச் சொல்கிறது. ரத்தம் உறையும் ஆபத்தையும் கணக்கிட வேண்டும்.

படித்துப் பார்த்தால் இதில் யாரும் மறுக்கக்கூடியது எதுவும் இல்லை. அதனால்தான் இதை ஆடிட் செய்வது சுவாரசியமாகிறது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை?

ஒரு மில்லிமீட்டர்

அதற்கு முன் கணுக்காலின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவும் ஃபிபுலாவும் கணுக்காலுக்கு வந்ததும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு முட்டுகளாக இறங்கி நிற்கின்றன. நம் கைக்குத் தட்டுப்படும் அந்த இரண்டு புடைப்புகள்தான். நடுவில் டேலஸ் என்ற எலும்பு, தச்சர் செதுக்கிய பொருத்துக்குள் செருகிய கட்டைபோல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் எலும்புகளை இணைக்கும் நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

இந்தப் பொருத்து எவ்வளவு நுணுக்கமானது என்பதை 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். இறந்தவர்களின் கணுக்கால்களில் டேலஸை ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்த்தினார்கள். மூட்டில் எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துபோனது. உடலின் எடை முழுவதும் மிச்சமிருக்கும் பரப்பில் இறங்கினால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் வரும் என்பதுதான் அதன் பிறகு வந்த சர்ஜன்களின் கவலை. கணுக்கால் முறிவில் 'உறுதியானதா, ஆட்டம் காண்பதா' என்ற கேள்விக்கு இவ்வளவு மரியாதை வந்தது இப்படித்தான்.

வெளிமுட்டு மட்டும் உடைந்து, உள்பக்க நார் அறுபடாமல் இருந்தால் டேலஸ் நகராது. அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷன் தேவையில்லை. வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடக்கலாம். உள்பக்க நாரும் போயிருந்தால் கதையே வேறு. சிக்கல் என்னவென்றால், படுத்திருக்கும்போது எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரேபோல் தெரியலாம். உள்பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பதும் நம்பகமானதில்லை. சும்மா சுளுக்கினாலே அங்கே வலிக்கும்.

எது நடக்கிறது, எது நழுவுகிறது

முதல் எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. யாருக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்பதற்கே 1992 முதல் ஒரு தெளிவான விதி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் குழுவினர் உருவாக்கியது. இரண்டு முட்டுகளில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பில், கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்டவுடனும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இல்லையென்றால் வேண்டாம். 2003இல் 27 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த விதியின் கையில் சிக்காமல் தப்பிய முறிவுகள் மிகமிகக் குறைவு. அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் தன் இரண்டு கைகளால் ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கும் காரியம் இது. அதனால் நிலைத்தது.

அடுத்து, கோணிப்போன காலை நேராக்குவது. டேலஸ் பொருத்திலிருந்து விலகி, பாதம் ஒருபக்கம் திரும்பி, உள்முட்டின் மேல் தோல் வெளுத்து இழுபட்டு நிற்கும் கால் அது. அந்தத் தோலுக்கு ரத்தம் போகவில்லை. மணிக்கணக்கில் விட்டால் தோல் கருகிவிடும். அதன் வழியாகத்தான் நாளைக்கு சர்ஜன் வெட்டவேண்டும். நேராக்கும் முறைகளில் ஒன்று பார்க்க எளிமையாக இருக்கும். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கட்டைவிரலைப் பிடித்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். காலின் எடையே பாதத்தை உள்பக்கம் திருப்பி எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த நிலையிலேயே ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் ஸ்லாப் போடவேண்டும். க்விக்லி என்ற அமெரிக்க சர்ஜனின் பெயரால் இதை அழைக்கிறார்கள்.

இங்கே எக்ஸ்ரே முதலிலா, நேராக்குவது முதலிலா என்று ஒரு கேள்வி வரும். வழிகாட்டுதல் எக்ஸ்ரேயை முதலில் எடுக்கச் சொல்கிறது. ஆனால் அதற்காகக் கால் காத்துக் கிடக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எக்ஸ்ரே அறை பக்கத்திலேயே இருந்தால் சரி. மூன்று பேர் வரிசையில் நின்றால் நேராக்குவதுதான் முதல்.

பெரும்பாலான இடங்களில் கால் நேராக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதில்தான் தாள் வெறுமையாக இருக்கிறது. ஸ்லாப் போட்டாயிற்று, கை முழுக்க மாவு, அடுத்த ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்துவிட்டது. இழுத்து நேராக்கியபோது நரம்போ ரத்தக்குழாயோ மாட்டிக்கொண்டதா என்று மறுபடி பார்த்து எழுத வேண்டிய நேரம் அதுதான். செய்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுதுவது குறைவு. இதை ஆடிட்டில் 'பின்பற்றவில்லை' என்று போட்டால் ஒரு டாக்டர் எரிச்சலோடு, "நான் பார்த்தேன், எழுதலை, அவ்வளவுதானே?" என்பார். அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் காலையில் அந்த நோயாளியின் விரல்கள் மரத்துப்போயிருந்தால், அது இரவே இருந்ததா, இப்போது வந்ததா என்று சொல்ல அந்த ஒரு வரி மட்டும்தான் உதவும். புதிதாக வந்ததென்றால் உடனே கட்டைப் பிரிக்கவேண்டும். அதனால் எழுதாததும் சிகிச்சையில் ஏற்பட்ட ஓட்டைதான் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன்.

சர்க்கரை நோய், புகை பற்றிய குறிப்பும் இதே கதை. வார்டில் சேர்ந்தவருக்கு மயக்க மருந்து டாக்டர் எப்படியும் கேட்டு எழுதிவிடுவார். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை யாரும் கேட்பதில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு முறிவு கூடுவதற்கு நீண்ட நாள் ஆகும். வலி தெரியாததால் உடைந்த காலிலேயே நடந்து மூட்டையே குலைத்துக்கொள்ளவும் கூடும். யாரை வாரக்கணக்கில் கூடுதலாகக் கண்காணிக்கவேண்டுமோ அவர்தான் அந்த வெறும் கட்டத்துக்குள் மறைந்துபோகிறார்.

நின்றுகொண்டு எடுக்கும் எக்ஸ்ரே

ஆட்டம் காண்கிறதா என்று சந்தேகம் இருக்கும் முறிவுக்குச் சிறந்த சோதனை, நோயாளியை அந்தக் காலில் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுப்பது. உடல் எடை இறங்கும்போது டேலஸ் இடத்திலேயே நின்றால், உள்பக்க இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலாமல் இருந்தால், ஆபரேஷன் இல்லாமல் விடலாம். கருவி புதிதாக வேண்டாம், செலவு இல்லை. இருந்தும் வழிகாட்டுதலில் அதிகம் நழுவும் இடங்களில் இது ஒன்று.

ஏன் என்று யோசித்தால் ஒரு சங்கிலி தெரியும். அடிபட்ட அன்று வலியால் நிற்க முடியாது. அதனால் ஒரு வாரம் கழித்து வரச்சொல்ல வேண்டும். அந்த நாளில் க்ளினிக்கில் இடம் வேண்டும். கட்டைப் பிரித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அதற்குக் கட்டுப் போடுபவர் முதலில், எக்ஸ்ரே பிறகு, டாக்டர் கடைசியில் என்ற வரிசை வேண்டும். பெரும்பாலான க்ளினிக்குகளில் வரிசை தலைகீழ். எக்ஸ்ரே கேட்கும் தாளில் 'நின்றுகொண்டு' என்ற சொல் இருக்கவேண்டும். இல்லையென்றால் டெக்னீஷியன் வழக்கம்போல் படுக்கவைத்துத்தான் எடுப்பார், அவர் மேல் தப்பில்லை. "உடைஞ்ச காலை ஊன்றச் சொல்றீங்களா?" என்று கேட்கும் நோயாளிக்கு ஒருவர் பக்கத்தில் நின்று பதில் சொல்லவேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் படுத்த நிலையில் எடுத்த படம்தான் மிஞ்சும். அதை வைத்து ஒரு சர்ஜன் 'எதற்கும் ஆபரேஷன் செய்து உலோகப் பிளேட் வைத்துவிடலாம்' என்பார்; இன்னொருவர் 'எதற்கும் ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருக்கட்டும்' என்பார். இரண்டுமே தேவைக்கு மேற்பட்டதாக இருக்கலாம். பின்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஒரு ஆய்வில், உறுதியான வெளிமுட்டு முறிவு உள்ள 247 பேருக்கு ஆறு வாரக் கட்டு, மூன்று வாரக் கட்டு, மூன்று வாரம் கழற்றி மாட்டும் பட்டை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து மூன்று வாரக்காரர்கள் எதிலும் பின்தங்கவில்லை.

வீக்கம் காத்திருக்காது

ஆபரேஷன் நேரத்துக்கு வருவோம். 'அன்றோ மறுநாளோ' என்பதுதான் ஆடிட்களில் தலைப்புச் செய்தியாகும் எண். அதற்குக் காரணமும் உண்டு. கணுக்காலின் மேல் சதை கிடையாது. தோலுக்கு அடியில் நேராக எலும்பு. அடிபட்ட சில மணி நேரத்தில் வீங்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தோல் பளபளவென்று இறுகிவிடும். கொப்புளங்கள் வரும். சிலது தெளிந்த நீரோடு, சிலது ரத்தம் கலந்து. ரத்தக் கொப்புளம் என்றால் தோல் ஆழமாகவே அடிபட்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தோலை வெட்டினால் தையல் பிரிந்து, சீழ் வைத்து, உள்ளே வைத்த பிளேட் வெளியே தெரியும் நிலைகூட வரலாம். அதனால் வீங்கும் முன் முடித்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் வீக்கம் வடியும்வரை காத்திருக்க வேண்டும். வடிந்ததா என்று பார்க்க சர்ஜன்கள் செய்வது மிக எளிய வேலை: பாதத்தை மேலே மடக்கினால் தோலில் சுருக்கம் விழுகிறதா? விழுந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகலாம்.

இப்போது ஆடிட்டின் பார்வையில் யோசியுங்கள். ஒருவர் சனிக்கிழமை மாலை விழுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு அவசரத் தியேட்டர்தான் ஓடுகிறது. வயிற்றுக் குடல் ஓட்டை, இடுப்பு முறிவு, பிரசவம் என்று அதில் வரிசை. கணுக்கால் உயிரை எடுக்காது. எனவே பின்னால் தள்ளப்படுகிறது. திங்கள் காலை பார்த்தால் தோல் இறுகிவிட்டது. எட்டு நாள் கழித்து ஆபரேஷன். தாளில் 'மறுநாளுக்குள் செய்யவில்லை' என்று ஒரு தப்புக் குறி விழுகிறது. ஆனால் அதே திங்கட்கிழமை வீங்கிய காலை வெட்டியிருந்தால் நேரக் கணக்குக்குக் கொஞ்சம் நெருங்கியிருக்கும், நோயாளிக்குக் கெடுதலாகியிருக்கும். தாமதம் தோலாலா, தியேட்டராலா என்று காரணம் எழுதாத ஆடிட் இந்த விஷயத்தில் பாதி ஆடிட்தான்.

நைஸின் வாசகத்தையே கவனித்தால், இந்த இடத்தில் 'பரிசீலிக்கலாம்' என்ற மெல்லிய சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். சான்று உறுதியாக இருந்தால் அவர்கள் அப்படி எழுதுவதில்லை. அந்த மெல்லிய சொல் ஆடிட் படிவத்துக்கு வந்ததும் 'ஆம் / இல்லை' என்ற கெட்டியான கட்டமாகிவிடுகிறது. வழிகாட்டுதலுக்கும் அளவீட்டுக்கும் நடுவில் நடக்கும் இந்த மொழிமாற்றத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

60 வயதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் சான்று அதைவிடக் கெட்டி. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 620 பேரை வைத்து நடந்த ஏய்ம் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான ஆபரேஷன். மீதிப் பேருக்கு, மயக்கம் கொடுத்துக் காலை நேராக்கி, பஞ்சு மிகக் குறைவாக வைத்து, காலின் வடிவத்தோடு ஒட்டி வார்த்தாற்போல் ஒரு மாவுக்கட்டு. ஆறு மாதத்தில் இரு சாராரின் நடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. புண் பிரிவதும் சீழ் பிடிப்பதும் ஆபரேஷன் செய்தவர்களில் 10 சதவீதம், கட்டுப் போட்டவர்களில் 1 சதவீதம். ஆனால் கட்டுப் போட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குப் பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டது, எலும்பு கோணலாகக் கூடியதும் அவர்களிடம்தான் அதிகம். ஆக, இரண்டு பக்கமும் எடை போட்டு நோயாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பேசினார்களா என்பதைத் தாள் சொல்லாது. அதைவிட முக்கியம், அப்படி ஒட்டி வார்க்கும் கட்டு ஒரு கைப்பழக்கம். பிளேட் வைக்கப் பழகிய தலைமுறைக்கு மாவு வார்க்கும் கை குறைந்துவருகிறது. அந்தக் கை இல்லாத இடத்தில் வழிகாட்டுதல் தரும் இரண்டாவது வழி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

ரத்தம் உறைவதற்கான மதிப்பீடு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வார்டில் சேர்ந்தவர்களுக்கு அதற்கென்று தனிப் படிவம் இருப்பதால் நடந்துவிடுகிறது. கட்டோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு விடுபடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க எல்லாருக்கும் ஊசி போட்டுவிடுவதும் விடையில்லை. நெதர்லாந்தில் கீழ்க்கால் கட்டுப் போட்ட 1,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் ரத்தக்கட்டி வந்தது. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆபத்து அதிகமுள்ளவரைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

எண்ணோடு கொஞ்சம் கணக்கு

ஒரு மருத்துவமனை தன் 40 கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து 32இல் ஒரு விதி பின்பற்றப்பட்டிருக்கிறது என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 80 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 40 என்ற சிறிய எண்ணிக்கையில் உண்மையான அளவு 65இலிருந்து 90 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த ஊர் மருத்துவமனை 70 வாங்கியது என்பதால் இது மேலானது என்று சொல்ல முடியாது. பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே படிவத்தில் ஒரே காலத்தில் எண்ணினால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் வரும். எலும்பியல் பயிற்சி டாக்டர்கள் கூட்டாகச் சேர்ந்து இப்படிப் பல மருத்துவமனை ஆடிட்களைச் செய்வது அண்மைக் காலத்தில் பரவலானதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கு. பத்து விதிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே 90 சதவீதம் பின்பற்றப்படுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று கொண்டால், பத்தும் முழுதாகக் கிடைத்த நோயாளிகள் எத்தனை பேர்? 35 சதவீதம்தான். ஒரே மருத்துவமனையைப் பற்றி '90 சதவீதம் பின்பற்றுகிறது' என்றும் எழுதலாம், 'மூன்றில் ஒருவருக்குத்தான் முழுச் சிகிச்சை' என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. செய்தியைப் படிக்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அளந்தால் மாறுமா என்ற கேள்விக்கு இடுப்பு முறிவு ஒரு பதில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 2007இல் இடுப்பு முறிவுக்கென ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனையின் எண்ணும் வெளியே தெரிந்தது. 2010இலிருந்து இங்கிலாந்தில், 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவரின் பராமரிப்பு போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. முறிவுக்குப் பின் 30 நாளில் இறப்பவர்கள் 2007இல் 10.9 சதவீதமாக இருந்தது, 2011இல் 8.5 ஆகக் குறைந்தது. சர்ஜன்கள் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகிவிடவில்லை. தியேட்டர் பட்டியலில் இடுப்பு முறிவுக்கு ஒரு வக்கீல் கிடைத்தார், அவ்வளவுதான். கணுக்காலுக்கு அப்படி வாதாட யாரும் இல்லை. தியேட்டர் வரிசையில் இடுப்பு முன்னால் போகப் போகக் கணுக்கால் பின்னால் போவதும் நடக்கும்; ஒரு விதியைத் தூக்கிப் பிடித்தால் இன்னொன்று தாழ்கிறது.

நடுவில் வழிகாட்டுதலும் கிழடாகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆபரேஷன் ஆனவர் ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்பது நீண்டகால வழக்கம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 561 பேரிடம் நடந்த வாக்ஸ் ஆய்வு 2024இல் வந்தது. இரண்டு வாரத்திலேயே ஊன்றி நடக்கத் தொடங்கியவர்கள் ஆறு வாரம் காத்திருந்தவர்களுக்கு எதிலும் குறைந்துவிடவில்லை. 2016இன் அளவுகோலோடு மட்டும் 2025இல் ஆடிட் செய்பவர், பழைய வழக்கத்தில் இருக்கும் சர்ஜனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்படியென்றால் என்ன செய்தால் எண் ஏறும்? வகுப்பெடுத்தால் கொஞ்ச நாள் ஏறும். பயிற்சி டாக்டர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். வகுப்பு கேட்ட கூட்டம் போனதும் எண் பழைய இடத்துக்கு வரும். முதல் ஆடிட்டுக்கும் மறு ஆடிட்டுக்கும் நடுவில் வந்த ஏற்றத்தைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் மூன்றாவது ஆடிட் செய்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் மாறினாலும் இடத்திலேயே இருப்பவைதான் வேலை செய்கின்றன. எக்ஸ்ரே கேட்கும் கணினித் திரையில் 'நின்றுகொண்டு' என்று ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட பெட்டி. அவசரத் தியேட்டரில் காலை முதல் கேஸாகக் கணுக்காலுக்கு ஒதுக்கிய இடம். கட்டுப் போடும் அறையில், மாவுத் துணி வைத்திருக்கும் அலமாரியின் மேலேயே தொங்கும் அச்சிட்ட படிவக் கட்டு: நாடி முன்பு, நாடி பின்பு, உணர்வு முன்பு, உணர்வு பின்பு, சர்க்கரை, புகை, மறு எக்ஸ்ரே கேட்ட நேரம். ஸ்லாப் காய்ந்து இறுக சில நிமிடம் ஆகும். காலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றவர் கையைக் கழுவிவிட்டு அந்த ஏழு கட்டங்களையும் நிரப்பிவிடலாம்.